வைரத்துக்குள் ஆடிய கோடு

ஜூலை 28, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காற்று மதியத்துக்கு மேல்தான் எழும்பும். லேப் ஏசி 22-ல் நிற்பதில்லை, 25 வரை ஏறுகிறது. காந்தம் சூடாகி எல்லா அளவும் நகர்ந்துபோகிறது. எலக்ட்ரிகல் பிரிவுக்கு மூன்றாவது கடிதம்.

இன்று:
பச்சை லேசரை நேர்ப்படுத்த (மூன்றாவது கண்ணாடி தளர்வு)
பல் டாக்டர் – தள்ளிப்போட்டாயிற்று
தெரேஸுக்கு இன்டர்வியூ பயிற்சி, மாலை 4
அப்பாவுக்குப் போன்

11.30-க்கு பிரான்சிலிருந்து மெயில். எங்களுக்கு வைரத் துண்டை அனுப்பிவைத்த குழு. ஏப்ரலில் வந்த எங்கள் கட்டுரையை மறுபடி படித்தார்களாம். நல்ல கட்டுரையாம். ஒரே ஒரு சந்தேகமாம். படம் மூன்றில் கோடு ஆடும் வேகம், அந்தக் காந்தப்புலத்தில் ஒரு கரி அணுக்கரு ஆடும் வேகத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதே. இரண்டாவது மைக்ரோவேவை நிறுத்தி எடுத்த அளவு இருந்தால் அனுப்ப முடியுமா.

மூன்று முறை படித்தேன். மரியாதையான மெயில். கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

லேப் தலைவர் சாருக்கும் நகல் போயிருக்கிறது. வராந்தாவில் எதிர்ப்பட்டவர், "அதான் இருக்கேம்மா, அனுப்பிடு" என்றார். நடந்துகொண்டே.

இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

எங்கள் லேபின் ஆய்வு மாணவி தெரேஸுக்குப் பயிற்சி. நன்றாகப் பேசுகிறாள். எல்லாக் கேள்வியும் கேட்டேன், மெயிலில் வந்த கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

மேகமூட்டம். தூறல் இல்லை. பேருந்தில் வழக்கமான கூட்டம். முத்தியால்பேட்டை நிறுத்தத்தில் ஒரு அம்மாள் கண்டக்டரிடம்: "நான் ஏறுன பொறவுதான் வண்டி போவணும், நீ விசிலு அடிச்ச பொறவு இல்ல."

அப்பா பிள்ளைச்சாவடியிலிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் எனக்குச் சால்வை போடப்போகிறார்களாம். ஜூனில் நாளிதழில் வந்த என் படத்தைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்றாம்.

"மைக்குல ரெண்டு வார்த்த பேசணும்னு சொல்றாங்க. ஊருக்குப் புரியற மாரி எழுதி வச்சுக்க."

"அப்பா, இப்ப வேணாமே."

"ஏன், லீவு இல்லியா?"

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன லீவு. சரி என்றேன்.

புரியும்படி எழுதிப் பார்த்தது:

வைரம் முழுக்கக் கரி அணுக்கள், வரிசையாக. எப்போதாவது ஒரு இடத்தில் கரிக்குப் பதில் நைட்ரஜன் உட்கார்ந்து, அதன் பக்கத்து இடம் காலியாக இருக்கும். குறைதான். ஆனால் பச்சை ஒளி பட்டால் அந்தக் குறை சிவப்பாக ஒளிரும். அதற்குள் 'ஸ்பின்' என்று ஒன்று, மிகச் சிறிய காந்தம் மாதிரி. மைக்ரோவேவ் கொடுத்து அதைத் திருப்பலாம். இரண்டு குறைகள் மிக அருகருகே இருந்தால் ஒன்றின் காந்தம் மற்றதை ஆட்டும். அந்த ஆட்டம் திரையில் ஏறி இறங்கும் கோடாகத் தெரியும். இப்படிப் பேசிக்கொள்ளும் ஜோடிகளைக் கோத்துத்தான் நாளைக்குக் குவாண்டம் கணினி. எங்கள் ஜோடி பேசிக்கொள்கிறது என்று கண்டோம்.

கடைசி வரியை அடித்தேன். பிறகு அது இல்லாமல் பேச்சே இல்லை என்று மறுபடி எழுதினேன்.

ஜூலை 30, புதன்

இங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

போன நவம்பர். மழைக்காலம், ஒரு பிற்பகல். கோடு அழகாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஆட்டுவதால்தான் அந்த ஆட்டம் என்றால், இரண்டாவதைத் திருப்பும் மைக்ரோவேவை நிறுத்தியதும் ஆட்டம் நின்றுவிட வேண்டும். அதுதான் சோதனை. எம்.எஸ்சி. மாணவருக்குக்கூடத் தெரியும்.

நிறுத்தினேன். ஆட்டம் நிற்கவில்லை. கொஞ்சம் சிறிதானது, அவ்வளவுதான்.

சுவிட்சில் கசிவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆஃப் செய்தாலும் கொஞ்சம் மைக்ரோவேவ் ஒழுகுகிறது, அதுதான் ஆட்டுகிறது என்று. நடக்கக்கூடியதுதான். கேபிளைக் கழற்றிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். கழற்றவில்லை. அந்த அளவை 'பழைய டெஸ்ட்' என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட்டேன்.

அடுத்த நாள் தெரேஸ் கேட்டாள். கோட்டோடு கணக்கைப் பொருத்தும் வேலை அவளுடையது.

"அக்கா, ரெண்டாவது மைக்ரோவேவ ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. க்ளீன்."

அவள் தலையாட்டிவிட்டுத் தன் கணக்குக்குப் போனாள். என்னைத் திரும்பக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏன் சொன்னேன்? சார் மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்றார். எனக்கு முப்பத்து நான்கு, இது மூன்றாவது தற்காலிக நியமனம். இதெல்லாம் உண்மை, ஆனால் அந்த நிமிடத்தில் இவை எதுவும் மனதில் இல்லை. களைப்பாக இருந்தது. கோடு அழகாக இருந்தது. ஒரு சொல்தான், வந்துவிட்டது.

ஜூலை 31, வியாழன்

தெரேஸின் இன்டர்வியூ. நம் நேரம் 2.30. அதே பிரான்ஸ் குழு. ஆகஸ்டில் அங்கே எல்லாரும் விடுமுறைக்குப் போய்விடுவார்களாம், அதனால் அவசரம்.

நீலச் சேலை கட்டி வந்திருந்தாள், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "பயப்படாத, நிதானமா பேசு" என்று சொல்லிப் போனார். அண்ணன் பிரான்சில், துலூஸ் பக்கம். இவளுக்கும் போக வேண்டும். இரண்டு வருடமாக அதே பேச்சு.

சிறிய அறையில் அவள். மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், லேசரோடு. கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டது. பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. இருபது நிமிடம் கழித்து ஒரு பெண் குரல், மெதுவாக. படம் மூன்று. கொந்த்ரோல், அதாவது இரண்டாவது மைக்ரோவேவை நிறுத்தி எடுத்த அளவு.

தெரேஸ் தயங்கவே இல்லை. என் பெயரைச் சொன்னாள். கலையரசி செய்தார், நானே கேட்டேன், என்றாள். 'ப்ரோப்ர்' என்றாள். சுத்தம். பள்ளியில் படித்த பிரெஞ்சில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஐம்பது சொற்களில் அது ஒன்று.

கையில் ஸ்க்ரூடிரைவர். எந்தத் திருகு என்று மறந்துபோயிற்று.

வெளியே வந்து, "கன்ட்ரோல் கேட்டாங்கக்கா. நல்லவேள, நான் உங்கள அப்பவே கேட்டு வச்சிருந்தேன்" என்றாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. கேன்டீனில் எனக்கு சமோசா வாங்கித் தந்தாள். சாப்பிட்டேன்.

ஆக. 1, வெள்ளி

பிரான்ஸ் மெயிலுக்குப் பதில் போட்டேன். "தரவுகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம், விரைவில் அனுப்புகிறோம்."

தொகுக்க ஒன்றும் இல்லை. ஒரு ஃபைல். இது இரண்டாவது பொய். முதலாவது வாய் தவறியது என்றால் இது உட்கார்ந்து, எழுத்துப்பிழை பார்த்து அனுப்பியது.

துணி துவைக்கவில்லை. தலைவலி.

ஆக. 3, ஞாயிறு

காலை 8-க்கே வெயில் சுள்ளென்று. பிள்ளைச்சாவடி. கோயில் முன் பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாக அண்டாக்கள். என் முகம் ஃப்ளெக்ஸில், ஆளுயரம். அதில் நான் வெள்ளையாக இருக்கிறேன்.

பந்தலில் பின்னால் இரண்டு பெண்கள்:
"வைரம்னா, மூக்குத்தி வைரமா?"
"இல்லடி, இது மிஷின்ல வச்சுப் பாக்குற வைரம்."
"பாத்துட்டு குடுத்துடணுமா?"
"பின்ன."

அப்பா வெள்ளைச் சட்டை, புது வேட்டி. விடியலில் கடலுக்குப் போட் எடுக்கவில்லை, எனக்காக. அம்மா முதல் வரிசையில், மீன் கூடையைத் தூக்காத ஒரு நாள்.

மைக்கில் பேசியவர், "வைரத்துக்குள்ளாற ரெண்டு அணுவப் பேச வச்சாங்க நம்ம கலையரசி" என்றார். அது அணு இல்லை என்று திருத்தத் தோன்றியது. எதைத் திருத்துவது.

சால்வை மஞ்சள், ஜரிகை கழுத்தில் குத்தியது. பிறகு நான் பேசினேன். எழுதிவைத்ததைத்தான். கடைசி வரியை விட்டுவிடலாம் என்று மேடை ஏறும்போதுகூட எண்ணினேன். விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சொன்னேன். "எங்கள் ஜோடி பேசிக்கொள்கிறது." கைதட்டினார்கள். அப்பா மட்டும் தட்டவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை தாங்காத நேரத்தில் அவர் அப்படித்தான் நிற்பார்.

கூழ் குடித்தேன். பேருந்து ஏறும்வரை யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆக. 4, திங்கள்

லேபில் யாரும் இல்லை, சார் மீட்டிங். கா. 9.40-க்கு ஆரம்பித்தேன். ஏசி இன்று ஒழுங்காக 22.

இரண்டாவது மைக்ரோவேவ் கேபிளை ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். முனைக்கு மூடி போட்டேன். கேபிளை மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் வைத்தேன். கசிய எதுவும் இல்லை.

11.15-க்குக் கோடு தெளிந்தது. ஆடியது.

காந்தப்புலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஆட்டத்தின் வேகமும் கூடியது, கரி அணுக்கருவுக்கு எப்படிக் கூட வேண்டுமோ அப்படியே. ஜோடியாக இருந்தால் மாறியிருக்கக் கூடாது. முதல் குறைக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு கனமான கரி அணு. பேசியது அதுதான். இரண்டாவது குறை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

நவம்பரில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால்.

நான்கு முறை எடுத்தேன். நான்கையும் தேதி போட்டுச் சேமித்தேன். நவம்பர் ஃபைலையும் அதோடு சேர்த்தேன். மதியம் சாப்பாடு இல்லை.

ஆக. 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

தெரேஸ் பத்தரைக்கு வந்தாள், ஹெல்மெட்டைக்கூட வைக்கவில்லை. "இதப் பாரு" என்று திரையைக் காட்டினேன். அவள் கோட்டைப் பார்த்தாள், பிறகு தரையில் கிடந்த கேபிளை. கெட்டிக்காரி. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்ப எடுத்தது?"

"நேத்து. ஆனா நவம்பர்லயும் எடுத்தேன். அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."

"நவம்பர்ல நான் கேட்டேன்ல?"

"கேட்டே."

"க்ளீன்னு சொன்னீங்க."

"ஆமா."

ஹெல்மெட்டை மேசையில் வைத்தாள். திரும்ப எடுத்தாள்.

"வியாழக்கிழம நானும் அதயேதான் சொன்னேன். அந்த மேடம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேட்டாங்க. நானே கேட்டேன், எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

"கேட்டுது. தடுப்புக்கு இந்தப் பக்கந்தான் இருந்தேன்."

"இருந்தீங்களா?"

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்றும்.

"அப்ப, நான் வெளிய வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே. சமோசா தின்னுக்கிட்டிருந்தோம்."

மன்னிச்சுக்க என்றேன். அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

ஆக. 6, புதன்

சார் அறை. அரை மணி நேரம். கோடுகளை அச்செடுத்துப் போனேன்.

முதலில் கோபம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சுவிட்சு லீக்கேஜா இருக்கலாமேம்மா. ரெண்டு மாசம் பொறுமையா பாப்போம்."

"கேபிளையே கழட்டிட்டேன் சார்."

"கட்டுரைய வாபஸ் வாங்கறதுன்னா என்னன்னு தெரியுதா? இந்த லேப் பேரு போயிடும். திருத்தம்னு ஒரு பக்கம் போட்டா போதாதா?"

"நவம்பர்லயே எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சு மறைச்சேன். அதுக்குத் திருத்தம் போட முடியாது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நான் ஃபைலக் கேட்டிருக்கணும். கேக்கல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டது தாங்கவில்லை.

கடிதம் நானே எழுதுவது, அவர் கையெழுத்தும் இருக்கும் என்று முடிவு.

தெரேஸ் இன்று வரவில்லை.

ஆக. 7, வியாழன்

கடிதம் பதினோரு வரி. ஏழு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாக ஒரு சொல் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'தவறுதலாக.' 'கவனக்குறைவால்.' எடுத்துவிட்டேன். 'சோதனை முடிவு பாதகமாக இருந்தது எனக்குத் தெரியும். இருந்தும் சரியாக இருப்பதாகச் சொன்னேன். தெரேஸுக்கு இது தெரியாது. இன்டர்வியூவில் அவர் சொன்னது நான் அவரிடம் சொன்ன பொய்.'

இதழுக்கு ஒன்று, பிரான்சுக்கு ஒன்று, அவள் இன்டர்வியூ குழுவுக்கு ஒன்று. மதியம் 12.20-க்கு அனுப்பினேன்.

12.21-க்குப் பதில் வந்தது. தானியங்கி மெயில். விடுமுறையில் இருக்கிறேன், 25-ம் தேதிக்குப் பிறகு தொடர்புகொள்கிறேன், நல்ல கோடை அமையட்டும்.

ஆக. 10, ஞாயிறு

காற்று, கண்ணில் மணல். ஊருக்குப் போனேன். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவிடம் சொன்னேன்.

எப்படிச் சொல்வது என்று பேருந்தில் யோசித்ததெல்லாம் வீண். "நான் கண்டுபுடிச்சேன்னு சொன்னது நெசமில்லப்பா" என்றேன்.

"தப்பாப் பூடுச்சா?"

"தப்பாப் போனது முன்னாடியே தெரியும். தெரிஞ்சே சொன்னேன்."

போட் எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தார், கையெல்லாம் கிரீஸ். துணியில் விரல் விரலாகத் துடைத்தார்.

"யாருக்குனா அடி பட்டுச்சா?"

"கூட வேல செய்யற பொண்ணு. வெளிநாட்டு வேல. அவளயும் பொய் சொல்ல வச்சுட்டேன்."

"அந்தப் பொண்ணாண்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன். எல்லாருக்கும் எழுதியாச்சு."

"ஊருக்கு?"

அதை நான் நினைக்கவே இல்லை.

உள்ளே போய் பீரோவைத் திறந்தார். சால்வை இன்னும் பிளாஸ்டிக் உறையில். அதை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"நானும் வரேன்ப்பா."

"நீ இரு."

முக்கால் மணி நேரம். ஜன்னலில் நின்றேன். திரும்பி வந்தபோது சால்வை கையிலேயே இருந்தது.

"வாங்க மாட்றாங்க. போட்டது போட்டதுதானாம். ஃப்ளெக்ஸ மட்டும் நானே அவுத்துட்டு வந்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னா சொல்லுவாங்க. கேட்டாங்க. ஒருத்தரு சிரிச்சாரு."

யார் சிரித்தது என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது எனக்கு வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்து வைத்தார், வழக்கம்போல. கண்ணைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆக. 18, திங்கள்

மழை, ஒரு மணி நேரம். தெரேஸ் லேபுக்கு வந்துவிட்டாள். பேசுகிறாள், தேவைக்கு. "லேசர் எத்தன மணிக்கு வேணும் உங்களுக்கு?" "மூணுக்கு மேல நான் எடுத்துக்கறேன்." அக்கா இல்லாத வாக்கியங்கள்.

அவள் அப்பாவை வாசலில் பார்த்தேன். ஸ்கூட்டரில் இருந்தபடியே தலையை லேசாகச் சாய்த்தார். "போன்ழூர்" என்றார். மரியாதை குறையவே இல்லை. நான் ஓரமாக ஒதுங்கி உள்ளே போனேன்.

இதழிலிருந்து பதில்: வாபஸ் குறிப்பு அடுத்த மாதம் வெளியாகும். என் நியமனம் டிசம்பர் வரை. நீட்டிப்பு பற்றிக் கேட்க வேண்டாம் என்று சார் தணிந்த குரலில் சொன்னார். கேட்கும் எண்ணம் இல்லை.

பல் டாக்டரிடம் போனேன். ஒன்று எடுக்க வேண்டுமாம்.

ஆக. 26, செவ்வாய்

பிரான்ஸிலிருந்து பதில். எனக்கு இரண்டு வரி: எழுதியதற்கு நன்றி, கட்டுரை வாபஸுக்கு ஒப்புதல். அதற்கு மேல் எதுவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

தெரேஸுக்குத் தனியாக ஒன்று. சார் அழைத்து இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார். அவள் மேல் அவர்களுக்குக் குறை இல்லை. ஜனவரி வரை இடத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் அவள் ஆய்வேட்டில் பாதி என் அளவுகள் மேல் நிற்கிறது. அவற்றை அவளே முதலிலிருந்து சரிபார்த்து, எது நிற்கும், எது நிற்காது என்று எழுதி அனுப்ப வேண்டும்.

அவள் சாரைத்தான் பார்த்தாள். "நாலு மாசத்துல முடிச்சுடுவேன் சார்."

"நான் கூட இருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்" என்றாள். கோபமாக இல்லை. கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் குரல்.

ஆக. 28, வியாழன்

வெயில். ஏசி 23.

காலையில் தெரேஸ் என் மேசைக்கு வந்தாள்.

"மத்த ஃபைலெல்லாம் வேணும்."

"இந்த ஜோடியோடதா?"

"எல்லாம். மூணு வருஷத்தோடதும். ஃபோல்டர் பேரு மாத்தாம, எதையும் அழிக்காம அப்படியே."

ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தேன். நோட்டுகள் பதினான்கு, அவற்றையும். அவள் எண்ணி வாங்கினாள்.

"இதுல வேற எதனா இருக்கா?" என்றாள். "இப்பவே சொல்லிட்டீங்கன்னா எனக்கு நேரம் மிச்சம்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதே வாய். நிறுத்திக்கொண்டேன். மூன்று வருடத்துப் பிற்பகல்கள், களைத்துப்போன நாட்கள், அழகாக இருந்த கோடுகள். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

"தெரியல, தெரேஸ்" என்றேன்.

டிஸ்க்கை நோட்டுகளின் மேல் வைத்து எடுத்துக்கொண்டாள். பிறகு தன் இடத்துக்குப் போய் முதல் ஃபைலைத் திறந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் கூப்பிடவில்லை. போய் உட்கார்ந்தேன். எழுந்து போகச் சொல்லவும் இல்லை.

"இது எந்த நாளு?" என்று கேட்டாள்.

நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.